ஆறு பலகை

“மரங்கொத்தி சுவரைப் போட்டு இப்படிக் கொத்தினா வீடு என்னத்துக்கு ஆகும் அண்ணே?”

பேரூர்க்கடையிலிருந்து பிரேமா டீச்சர் போனில் கேட்ட அரை நாளில், அந்த வீட்டுக்குப் பலகைச் சுவர் போட்டுக் கொடுத்த தாசையன் பாறசாலையிலிருந்து நைலான் வலையோடு வந்துவிட்டார்.

“பழைய சிடியெல்லாம் கட்டித் தொங்கவிட்டேன். தகரத்தைத் தட்டி விரட்டினேன். டீ குடிக்கப் போன ஆள் மாதிரி திரும்பி வந்து வேலையைத் தொடங்குது,” என்றாள் டீச்சர். குரலில் கோபத்தைவிட மரியாதைதான் அதிகம் இருந்தது.

“அதுக்குக் கிறுக்கு டீச்சர். தேக்குப் பலகைல ஏது புழு? வலை கட்டினா தீர்ந்தது.”

தாசையன் ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டிக்கு மேலிருந்த சுவரில் சாய்த்தார். கூடவே வந்த டீச்சர் நின்றாள்.

“நாலு பக்கமும் பலகைச் சுவர்தானே. எந்தப் பக்கம்னு நான் சொல்லவே இல்லையே அண்ணே?”

இரண்டாம் படி ஏறியிருந்த தாசையன் கீழே இறங்கினார்.

“இங்க ஆறு பலகை மட்டும் ரப்பர் மரம் டீச்சர்,” என்றார். “தேக்கு திகையல, குறைஞ்சு போச்சு. ரப்பர்ல சீக்கிரம் புழு விழும். பாலிஷ் அடிச்சா செக் பண்ண வந்த எஞ்சினியருக்கே தெரியாதுன்னு நினைச்சேன். தெரியவும் இல்ல.”

டீச்சர் அண்ணாந்து பார்த்தாள். ஓட்டைகள் சரியாக ஆறு பலகையில் இருந்தன. அடுத்த பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

“வலையை மடக்கி வைங்க,” என்றாள். “மிச்ச மூணு பக்கத்தையும் அது செக் பண்ணி முடிக்கட்டும்.”