மரத்துக்கு அந்தப் பக்கம்

தொப்பியின் மேல் ஏதோ பொட்டென்று விழுந்தது. ஹிக்கரி மரத்துக் கொட்டையின் ஓட்டுச் சில்லு.

மேலே அணில் உட்கார்ந்து கொறிக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு முதல் பாடம்.

பாடம் சமையலறை மேசையில் நடந்தது. வாத்தியார் என் கணவர் டெல்மர். கென்டக்கியின் இந்த மலையில் நாற்பது வருடம் அணில் வேட்டையாடியவர். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட இந்த மூன்று வருடத்தில் அதை ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்லியிருப்பார்.

மார்ச் மாதம் சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. அதோடு பெருமையும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆறு மாதமாக வாசற்படி இறங்கவில்லை.

போன திங்கட்கிழமை தன் தம்பி டாயிலுக்கு போன் போட்டார். துப்பாக்கியை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

துப்பாக்கியும் போய்விட்டால் இந்த மனுஷன் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார். நான் விடுவதாக இல்லை.

"நான் ஒரே ஒரு அணில் அடிச்சுக்கிறேன். அதுக்கப்புறம் டாயில் தாராளமா எடுத்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"பிஸ்கட்டையே கருகாம சுடத் தெரியாது, நீ அணில சுடப் போறியா?"

ஆறு மாதத்தில் அவர் செய்த முதல் கிண்டல். அப்படியே கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டால் காரியம் கெட்டுவிடும்.

அன்றே பாடம் ஆரம்பித்தது. ஆடாமல் உட்கார். தலையை மட்டும் சுடு, கறி வீணாகக் கூடாது. சுட்டதும் எழுந்து ஓடாதே, சத்தம் அடங்கினால் கால் மணி நேரத்தில் இன்னொன்று வரும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு புதன்கிழமை தனியாகப் போனேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

"என்னைப் பார்த்ததும் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிடுது. நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் வந்துடுது."

"அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மெதுவா சுத்தி நடந்தா அது பயந்து மத்தவர் பக்கம் வரும்."

நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

வெகு நேரம் கழித்து அவர் பூட்ஸ் எங்கே என்று கேட்டார்.

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, ஹிக்கரி மரத்தைச் சுற்றிச் செடிக்குச் செடி கட்டினேன். கயிறு முடிகிற இடத்தில் ஆள் உயரப் பாறை. கயிற்றைப் பிடித்து நடந்து பாறைக்குப் பின்னால் போய் நின்றதும் அவர் இரும வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் சுட வேண்டும். சட்டம் அவர் போட்டது.

வியாழக்கிழமை தப்பியது. வெள்ளிக்கிழமையும் தப்பியது. "நாளைக்குப் பாக்கலாம் விடு" என்று வாத்தியார் ஆறுதல் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று மூன்றாம் நாள்.

சருகு நொறுங்க அவர் நடக்கிற சத்தம் கேட்டது. அணில் கொறிப்பதை நிறுத்தியது. தண்டைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, கிளையின் மேல் வாலைத் தூக்கி உட்கார்ந்தது. காதில் இருக்கிற முடிகூடத் தெரிந்தது.

பாறைப் பக்கமிருந்து இருமல்.

மூச்சை இழுத்தேன். பாதி விட்டேன். விசையை அழுத்தினேன்.

மேலே டொக்கென்று ஒரு சத்தம். அணில் பக்கத்து மரத்துக்குத் தாவி மறைந்தது.

"தப்பிடுச்சு" என்றேன், முடிந்த வரை சோகமாக.

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். இதெல்லாம் நடந்து முடிய ஒரு யுகம் ஆனது.

"அணிலுக்கு மேல காய்ஞ்ச கிளை ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"உள்ளே பொந்து விழுந்த கிளை. வியாழக்கிழமையும் அதே சத்தம். நேத்தும் அதே. இன்னிக்கும் அதே. புதுசா சுடுறவ ஒண்ணை மண்ணுல விடுவா, ஒண்ணை ஆகாசத்துல விடுவா. மூணு குண்டும் ஒரே கிளைல விட என்னாலயே முடியாது. நான் குருடன்தான் புள்ள, செவிடன் இல்ல."

எனக்கு முகம் சுட்டது. முதல் அணிலை நான் அடித்தது ஒன்பது வயதில். என்னோடு பந்தயம் கட்டுவதை அண்ணன்கள் ஐந்து பேரும் அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். புது மாப்பிள்ளை நாற்பது வருடப் பெருமையை ஆசை ஆசையாகச் சொன்னபோது, என் கதை எதற்கு இப்போது என்று விட்டுவிட்டேன். பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

"இன்னும் எத்தனை நாள் தப்ப விடறதா இருந்த?"

"சீசன் முடியுற வரைக்கும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என் முழங்காலைத் தேடிப் பிடித்து ஊன்றி எழுந்தார். அங்கேயே நின்று மேலே காது கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கோ உச்சியில் மறுபடியும் ஒன்று கொறிக்கத் தொடங்கியிருந்தது.

"டாயிலுக்கு நானே போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிக்கிறேன். நாளைக்கு ஓடைப் பக்கம் போவோம், அங்கே கயிறு இன்னும் நீளமா வேணும்" என்றார். "இப்ப எனக்குப் பசிக்குது."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமல், மரத்துக்கு அந்தப் பக்கம் நடந்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்தேன். அணில் என் பக்கம் வந்தது.

அவர் இருமினார்.

இந்த மூன்று நாளில் அப்போதுதான் முதல் முறையாக அணிலைக் குறி பார்த்தேன்.