பலகை முன்னால் கால் மணி நேரம்

“பலகையைப் படிச்சுட்டுத்தானுங்க தொரை, அவ மாட்டுக்கு முன்னாடி போயி நின்னுருக்கா,” என்றார் மேஸ்திரி பொன்ராஜ்.

எஸ்டேட் மேனேஜர் லெஸ்லி சன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஆபீஸ் வராந்தாவில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அதில் ஒரு பொன்மொழி எழுதுவது கிளார்க் ஆறுக்குட்டியின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. கோயமுத்தூரிலிருந்து இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு நாள் தவறியதில்லை. வெள்ளைச் சாக்பீஸில் எழுத்து, அதற்குச் சிவப்பில் நிழல். எழுதி முடிக்கும்வரை மனிதர் காபிகூடக் குடிக்க மாட்டார்.

நேற்றைய வாசகம் இன்னும் அழியாமல் இருந்தது. ‘இருப்பது ஒரே வாழ்க்கை. தயங்காதே, துணிந்து இறங்கு!’

நேற்றுத்தான் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் ஒற்றைக் காட்டெருமை வந்து நின்றது. கூட்டமாக வந்தால் அதுபாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஒற்றை என்றால் கொழுந்து பறிக்கிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஆபீசில் சொன்னால் வேறு காடு கொடுப்பார்கள். பதினைந்து வருடமாகக் கொழுந்து பறிக்கும் மாரியாயிக்கு இது தெரியாதா என்ன? ஆனாலும், மற்ற பெண்கள் வந்து சேருவதற்கு முன்பே, கூடையை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போய்விட்டாள். மாடு ஒரே தள்ளு. தேயிலைச் செடிகள் தாங்கிக்கொண்டதால் உயிர் தப்பியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

எடை போடும் கொட்டகையிலிருந்து தாம் பார்த்ததாகப் பொன்ராஜ் அடித்துச் சொன்னார். பனி மூட்டத்தில் ஆள் சரியாகத் தெரியவில்லையாம். ஆனால் பலகைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றது அவளுடைய சிவப்புக் கம்பளிதானாம். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல் நேரே ஏழாம் நம்பருக்கு நடந்தாளாம்.

“துணிஞ்சு இறங்குன்னா வாழ்க்கையில துணிஞ்சு இறங்கறதுங்க. நான் என்ன மாட்டுகிட்டயா இறங்கச் சொன்னேன்?” என்றார் ஆறுக்குட்டி. குரல் அவருக்கே கேட்கவில்லை.

பொன்ராஜ் விடுவாரா? ‘மனம் சொல்வதைச் செய்’ என்று எழுதிய வாரம், பாக்டரி கந்தன் வேலையை உதறிவிட்டு யானைப்பாகன் ஆகிறேன் என்று தெப்பக்காட்டுக்குப் போய், பத்தாம் நாள் மெலிந்து திரும்பிய கதையை எடுத்துவிட்டார். ஆறுக்குட்டியும் சளைக்கவில்லை. ‘இன்றே நிறுத்து’ என்று எழுதியதைப் பார்த்துத்தானே லாரி டிரைவர் பாலன் பீடியை விட்டான், அதை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை என்று கேட்டார். நல்லதும் கெட்டதும் படிக்கிறவன் புத்தியில் இருக்கிறது என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் மாரியாயியின் கால் நினைவுக்கு வந்துவிட்டது.

லெஸ்லி எழுந்துகொண்டார்.

“அவகிட்டயே கேட்டுடலாம். பலகையைப் பார்த்துத்தான் போனேன்னு அவ சொல்லிட்டா, நாளையில இருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம், ஆறுக்குட்டி.”

ஜீப்பில் மூன்று பேரும் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் நிறுத்தச் சொல்லி ஆறுக்குட்டி நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்; ஊட்டியில் படிக்கும் பெண்ணின் படிப்பும் போகும். அதைவிட, தன் கையெழுத்து ஒருத்தியின் காலை ஒடித்துவிட்டதே என்பதுதான் அவரை அரித்தது. இனி ஜென்மத்துக்கும் சாக்பீஸைத் தொடுவதில்லை என்று முடிவே செய்துவிட்டார்.

மாரியாயி கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். மேனேஜரைக் கண்டதும் எழப் பார்த்தாள். லெஸ்லி கையமர்த்திவிட்டு, நேற்றுப் பலகையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் காட்டுக்குள் போனாயா என்று நேராகவே கேட்டார்.

அவள் முழித்தாள்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே தொரை. சம்பளத்துக்கே கைநாட்டுதானுங்க.”

பொன்ராஜின் முகம் தொங்கிப்போனது. ஆறுக்குட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பதினோரு வருடம் எழுதியது எதையும் இவள் படிக்கவே இல்லை என்பதில் இத்தனை சந்தோஷம் கிடைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆரஞ்சை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லெஸ்லி மட்டும் நகரவில்லை. படிக்கத் தெரியாதவள் பலகைக்கு முன்னால் கால் மணி நேரம் எதற்கு நின்றாய் என்று கேட்டார்.

மாரியாயி ஆறுக்குட்டியை ஒரு தடவை பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

“ஏழாம் நம்பர்ல ஒத்த மாடு நிக்குது, போறதா வேண்டாமான்னு இவருகிட்டக் கேக்கத்தானுங்க நின்னேன். ஐயா பலகையில எழுதிக்கிட்டிருந்தாரு. நாலாந்தடவ கேட்டதுக்கு, திரும்பிப் பாக்காமலே ‘போம்மா, போ’ன்னாருங்க.”