மூன்றாவது சுற்று

சக்கரம் உரசிக்கொண்டே சுற்றியது.

அவள் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள். அப்பாவின் பைக்கில் பஞ்சர் ஒட்டிய முன்சக்கரத்தை மாட்டியாயிற்று. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர்தான் கோணலாக உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கத்து பேட் டிஸ்க்கை விடமாட்டேன் என்கிறது.

இது இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் காலிப்பர் தானாக நடுவுக்கு வரும். அந்த நேரம் பார்த்து மற்றவர் போல்ட்டை முறுக்க வேண்டும்.

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டி அருகில் உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கி பிரேக் லீவர்மேல் வைத்தார்.

"முறுக்கு."

முறுக்கினாள். சுற்றிப் பார்த்தாள்.

அதே உரசல்.

அவள் போல்ட்டைத் தளர்த்தினாள். பழைய டியூபில் ஒரு கீற்று வெட்டி, லீவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். முறுக்கினாள். டியூபை அவிழ்த்துவிட்டுச் சுற்றினாள்.

சத்தமே இல்லை.

"டியூபுக்கு இருக்கற புடி எனக்கில்லையாக்கும்," என்றார் அப்பா.

நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்த கை அது. துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்தே விலை பேசிய கை. ஆவணியில் பக்கவாதம் வந்து வலது பக்கத்தைக் கொண்டுபோயிற்று. கால் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பி வந்தது வாய்தான். தரகர் வாயாயிற்றே.

அந்த வாய் இப்போது பேரத்தை ஆரம்பித்தது.

"மூணு சுத்து உடு அம்மிணி. அதுல ஒண்ண நான் நிறுத்திப்போட்டா, நாளைக்குச் சந்தைக்கு வண்டிய நானே ஓட்டிட்டுப் போவேன். நிறுத்தலீன்னா வித்துப்போடு. பொறவு வண்டிப் பேச்சே எடுக்க மாட்டேன்."

வண்டியைத் தொட வேண்டாம் என்று நான்கு மாதமாக அவள் மன்றாடியிருக்கிறாள். அதை அவரே தூக்கித் தட்டில் வைக்கிறார். இவ்வளவு மலிவாக அப்பா எதையும் விட்டதில்லை. அவள் யோசித்திருக்க வேண்டும்.

"சரிங்கப்பா."

முதல் சுற்று. பலமாகவே இழுத்துவிட்டாள். அவர் பிடித்தார். சக்கரம் தன் பாட்டுக்கு ஓடி, அலுத்துப்போய் நின்றது.

"லீவர் ரொம்பக் கெட்டி," என்றார். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்துக் குறை சொல்லும் அதே குரல்.

இரண்டாவது சுற்று. தோளிலிருந்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. சுண்டுவிரல் மட்டும் தனியாக நடுங்கியது.

சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த முறை அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை. அது ஓடி முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

மூன்றாவது சுற்று.

விரல் நுனியால் தள்ளினாள். தூங்குகிற குழந்தையின் தொட்டிலைத் தள்ளுவதுபோல. சக்கரம் அரைச் சுற்று வந்து, மேலே போகலாமா வேண்டாமா என்று தயங்கியது. அவர் பிடித்தார்.

நின்றது.

இருவரும் அசையவில்லை.

அப்பா அவளைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான். எதிராளி எந்த இடத்தில் இளகினான் என்று அளக்கும் பார்வை.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இன்ஜினுக்கு அடியில இருக்கற செங்கல்ல உருவு அம்மிணி. ஒரு நட போய்ப் பார்த்துட்டு வாறேன்."

அவள் செங்கல்லைத் தொடவில்லை.

நின்றுபோன சக்கரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.