சிந்தியது போக மீதி

“ஐயோ, அம்மா! போய்ச் சேர்ந்துருமா?”

பின் சீட்டில் கணவன் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அலறினான். பேட்டரி ஆட்டோ ஆமை மாதிரி ஊர்ந்தது.

“சேரும். கத்தாம வாங்க,” என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல்.

“முள்ளு சிவப்புக்கு வந்துருச்சே! பேட்டரி மேல நூறுன்னு போட்டிருக்கு, அதுக்குள்ள தீருமா?”

“நூறு அதோட கொள்ளளவு. குடம் பெருசா இருந்தா தண்ணி தானா நிறைஞ்சுடுமா? நேத்து கரண்ட் இருந்ததே ரெண்டு மணி நேரம். பத்து ஆம்பியர் சார்ஜர், மணிக்குப் பத்துதான் ஊத்தும். ஆக, ஊத்தினது இருபது.”

“இருபது இருக்குல்ல?”

“ஊத்தும்போது சிந்தாதா? அஞ்சுல ஒரு பங்கு சூடாவே போயிடும். மிச்சம் பதினாறு. கிலோமீட்டருக்கு ஒண்ணே கால் குடிக்கும். பன்னெண்டே முக்கால் கிலோமீட்டர் ஓடும். ஆஸ்பத்திரி பன்னெண்டு.”

“ஆள் எடை சேர்த்தாச்சா?”

“வயித்துக்குள்ள இருக்கிற ஆளையும் சேர்த்தாச்சு.”

“அப்ப கொஞ்சம் வேகமா போகலாமே!”

“வேகமா போனா கூடக் குடிக்கும். பாதி வழியில நின்னா நீங்க தள்ளுவீங்களா?”

“என் காலே நிக்கலையே, எங்க தள்ளுறது? சரி, வழியிலேயே பொறந்துட்டா?”

“பொறக்க விட மாட்டேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, வண்டி ஓரமாகப் போய் நின்றது. டிரைவர் ஹேண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

“ஐயோ, மறுபடியுமா?”

“மறுபடியும்தான். சும்மா இருங்க, போயிடும்.”

கணவன் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் ஒரு பெருமூச்சு விட்டார். வண்டி நகர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் முள் அடியைத் தொட்டது. அதுவரை வந்த வேகத்திலேயே உருண்டு, படிக்கட்டருகே போய் ஓய்ந்தது வண்டி.

நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தாள். கணவனும் துணிப்பையும் மட்டுமே.

“பிரசவ கேஸ்னு போன் வந்துச்சே! எங்கய்யா உன் பொண்டாட்டி?”

அவன் முன்னால் கை காட்டினான்.

“இங்க வாங்க, நர்சம்மா,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் டிரைவர். “அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.”