இருநூறு கேபி

இருநூறு கேபிக்கு மேல் இருந்தால் படத்தை ஏற்க முடியாது என்று காவல்துறையின் புகார்த் தளம் சொல்லிவிட்டது. குமுதினி தன் கழுத்தை எடுத்த படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. நாத்தனார் அருள்மொழி தன் லேப்டாப்பில் படங்களைச் சுருக்கும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். “பயப்படாதீங்க அண்ணி. எல்லாம் பிரவுசருக்குள்ளயே நடக்கும். படம் வெளிய எங்கயும் போகாது” என்றாள். குமுதினி நம்புவதற்காக வைஃபையை அணைத்தும் காட்டினாள்.

திரை முழுக்கக் கழுத்து விரிந்தது. அருள்மொழியின் அண்ணனுடைய நான்கு விரல்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன. அவன் தாலி கட்டியபோது மூன்றாவது முடிச்சை இதே கழுத்தில்தான் அருள்மொழி போட்டாள். இப்போது அவள் தரத்தைக் குறைக்கும் பொத்தானை மெல்ல இடப்பக்கம் இழுத்தாள். முதலில் நகக் கீறல்கள் மறைந்தன. அளவு இருநூறுக்குக் கீழே வந்தபோதும் விரல் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.

“போதும் அருள், வந்துடுச்சு.”

“இன்னும் கொஞ்சம் அண்ணி. இருநூறை ஒட்டி நின்னா சில நேரம் எடுக்காது.”

பொத்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. கருநீலம் சாம்பலாகி, சாம்பல் தோலின் நிறத்தில் கரைந்தது. கடைசியில் யாருமே தொடாத ஒரு கழுத்து திரையில் நின்றது.

“அனுப்பிடலாமா அண்ணி?” என்று திரையைப் பார்த்தபடியே கேட்டாள் அருள்மொழி.

குமுதினியின் கை தன் கழுத்துக்குப் போயிற்று. தொட்ட இடம் வலித்தது.