இசாலேயின் கீழே ஒரு தலை

என் கணவரின் அண்ணன் ஃபிலமோனி மண்வெட்டியைத் தலைக்கு மேலே ஓங்கிவிட்டார்.

அது இறங்கினால் என் காய்கறித் தோட்டம் போயிற்று. வாழைத்தோப்புக்கு மேலே இருக்கும் அவர் வீட்டு வாசல்வரை வண்டி போக வழி வேண்டுமாம். குச்சி நட்டு, கயிறு கட்டி, கோஸ் பாத்தியின் நடுவே கோடும் போட்டாயிற்று.

"ஓரமா வளைச்சுப் போகக் கூடாதா அத்தான்?" என்றேன்.

"வளைஞ்சு போறதுக்கு இது என்ன ஓடையா? நாலு கீரைக்கு இந்தப் பாடா?"

நாலு கீரை இல்லை. என் கணவர் ஐகாயேல் ஒவ்வொரு செடிக்கும் ஒரு துணை தேடி வைத்த தோட்டம் அது. கோஸுக்குக் காவலாக வெங்காயம். தக்காளியின் காலடியில் செண்டுப்பூ. அசுவினிப் பூச்சி மொய்த்துக் கிடக்கட்டும் என்றே ஓரத்தில் ஒரு வரிசை கடுகு. வாசலிலேயே விருந்து கிடைத்தால் உள்ளே ஏன் வரப்போகிறது என்பார். மருந்து ஒரு சொட்டு அடித்ததில்லை. நாங்கள் சாப்பிட்டதும், நான் மாராங்கு சந்தைக்குச் சுமந்ததும் அதிலிருந்துதான்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவரிடம் துணைச்செடி இல்லை. அண்ணன் வீட்டுக் கிடா, கோணக்கொம்பன். வெங்காயத்தைத் தாண்டும். செண்டுப்பூவை ரசித்து மெல்லும். அண்ணனின் வாழைக்கள் பானையையே நக்கிக் காலி செய்கிற பிறவி. போன பெருமழையில் அது காணாமல் போனது. சிறுத்தை தூக்கியிருக்கும் என்று அண்ணன் வெகுநாள் புலம்பினார்.

மண்வெட்டி ஓங்கிய இடத்தில் ஒரு சிறு மேடு. அதைச் சுற்றித் தடித்த இசாலேச் செடிகள்.

எங்கள் கிளிமஞ்சாரோ சரிவில் இசாலே அழகுக்கு நடுகிற செடி இல்லை. எல்லை பிரிக்க நடுவோம். தப்பு செய்தவன் அதன் இலையை முடிந்து கொண்டுவந்தால் மன்னிக்காமல் அனுப்பக் கூடாது. அப்புறம், தேவாலயம் வருவதற்கு முந்திய காலத்தில், செத்துப்போன பெரியவர்களின் மண்டையோட்டை வாழைத்தோப்பில் வைத்து, சுற்றி நட்டதும் இதைத்தான்.

வெங்காயத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஐகாயேல் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"அண்ணே, பாத்து. அங்க ஒரு தல இருக்கு."

மண்வெட்டி மேலேயே நின்றது.

"யாரு தலடா?"

"உங்களுக்கு மேல நிலம் குடுத்து அனுப்பிட்டு, கடைக்குட்டி என்னைத்தானே அப்பா வீட்டோட வெச்சுக்கிட்டாரு. எது எது எங்க இருக்குன்னு யார்கிட்ட சொல்லிட்டுப் போயிருப்பாரு?"

ஃபிலமோனி சபை மூப்பர். பழைய வழக்கமெல்லாம் இருட்டு என்று ஞாயிறுதோறும் முழங்குகிறவர். அவருடைய கால் மட்டும் தானாகப் பின்னால் போனது.

"தாத்தாவா?" குரல் இறங்கிவிட்டது.

ஐகாயேல் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா, கழுதை!" அண்ணன் மண்வெட்டியை மெதுவாக, சத்தம் வராமல், கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

நான் தோளில் கிடந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

குச்சிகளை அவரே பிடுங்கினார். வழி வளைந்து போனது.

அவர் தலை மறைந்ததும் ஐகாயேலைப் பிடித்துக்கொண்டேன். "மூப்பர்கிட்டயே பொய்யா?"

"எங்கடி பொய்? தல இருக்குன்னேன். இருக்கு. தாத்தான்னு சொன்னது அவரு." தொப்பியை மாட்டிக்கொண்டு வெங்காயத்துக்குத் திரும்பினார். "சின்னப் பூச்சிக்குச் செண்டுப்பூ. பெரிய பூச்சிக்கு இசாலே."

அப்படிச் சிரிக்க வைத்தவர்தான், ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

எங்கே அடக்கம் செய்வது என்று அண்ணன் என்னைக் கேட்கவில்லை. இசாலே மேட்டுக்குப் பக்கத்தில் நின்று தானே இடம் காட்டினார். "என் தம்பி தாத்தா காலடியிலயே கிடக்கட்டும்" என்று விம்மினார். நான் துணிக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினேன். இரண்டு பெண்கள் ஓடிவந்து என்னைத் தாங்கிக்கொண்டார்கள். அது எந்தக் குலுங்கல் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

இப்போது ஐகாயேலைச் சுற்றியும் வெங்காயமும் செண்டுப்பூவும் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வெளியூர் போனவர்களெல்லாம் மலைக்குத் திரும்பும்போது அண்ணன் ஒரு குடுவை வாழைக்கள்ளோடு வருவார். சபைக்காரர்கள் யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார். முடிந்த இசாலே இலையைப் பிடித்தபடி, அன்று மண்வெட்டி ஓங்கியதற்காக மேட்டிடம் மன்னிப்புக் கேட்பார். முதல் வாய் மேட்டுக்கு. அப்புறம்தான் தம்பிக்கு.

நான் தலைகுனிந்து நிற்பேன். ஐகாயேலுக்கு ஒரு வாய் குறைகிறதே என்றுதான் வருத்தம்.

அந்தப் பெருமழையில், எங்கள் கோஸை மூக்குமுட்டத் தின்று வயிறு ஊதி விழுந்ததை, உயிர் போவதற்குள் அறுத்தார் ஐகாயேல். அண்ணனுக்கு முறைப்படி சேரவேண்டிய பங்கைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நல்ல கறி என்று அண்ணனும் சொன்னார். தலையை மட்டும் யாருக்கும் காட்ட முடியவில்லை. கொம்பு கோணல்.

கள் ஊற்ற ஊற்ற மேடு உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குடிகாரன் இன்னும் திருந்தவில்லை.