அங்கப்பன் வைத்த டிக்கெட்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் கயல்விழி நூலகர். அங்கப்பன் தினமும் பஸ் ஏறி வந்து, பேய்க்கதைத் தொகுப்பில் ஒரே ஒரு கதை படிப்பார். விட்ட இடத்தில் பஸ் டிக்கெட்டை வைத்துவிட்டுப் போவார்.

"இன்னொன்னும் படிக்கிறதுதானுங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணு போதுமுங்க அம்மணி. பயத்தை ஊட்டுக்குக் கொண்டுபோயி மெதுவா மென்னு திங்கோணுமுங்க."

ஆடியில் அவர் இறந்துபோனார். கயல்விழியும் எழவுக்குப் போய் வந்தாள். பன்னிரண்டு கதைகளில் எட்டாவதோடு நின்றிருந்தது டிக்கெட்.

மறுநாள் அது ஒன்பதாவது கதையின் முடிவில் இருந்தது. அதற்கடுத்த நாள் பத்தாவதில். புத்தகத்தை யாரும் தொடவில்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை இன்னும் மேகத்துக்குள் கிடக்கும்போதே வந்து, முதல் வேலையாக அதைத்தான் புரட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டும் முடிந்த அன்றுதான் மனசு பதறியது. இனி எதற்கு வருவார்? டிக்கெட்டை எடுத்து முதல் கதையில் வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனாள்.

காலையில் டிக்கெட் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது:

"இது படிச்சதுங்க அம்மணி. வேற குடுங்க."